கடலில் இறங்குகிறவனுக்கு ஒரு படிவம், மூட்டை தூக்குகிறவனுக்கு?

முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலடிக்குச் செல்லும் ஸ்கூபா வித்தையைக் கற்க விரும்பிப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஒரு பயிற்சி நிலையத்தின் படியேறுகிற எவரும், உப்பு நீரில் கால் நனைப்பதற்கு முன்னால், ஒரு சுகாதாரப் படிவத்தைப் பூர்த்தி செய்து கையொப்பமிட்டாக வேண்டும். உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே வாசகத்தோடு வழங்கிவரும் அந்தப் படிவத்தில், இதயம், சுவாசம், காது, மனநிலை முதலியவற்றைப் பற்றிய வினாக்களுக்கு நடுவே, கடந்த 12 மாதங்களுக்குள் ஏதேனும் அறுவை சிகிச்சை செய்துகொண்டது உண்டா என்ற வினாவும் இருக்கிறது. 'உண்டு' என்று குறித்துவிட்டால், வைத்தியர் ஒருவர் பரிசோதித்து 'இறங்கலாம்' என்று எழுதிக் கொடுத்தாலொழியப் படகில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். உல்லாசத்துக்காகச் செய்கிற ஒரு காரியத்துக்கு இத்தனை ஜாக்கிரதையா என்று நகைக்கத் தோன்றலாம்; நான் நகைக்கவில்லை. இந்த ஜாக்கிரதை ஏன் கடற்கரையோடு நின்றுவிட்டது என்பதே என் வருத்தம்.

எங்கள் பக்கத்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சமுத்திரம் அந்நியமானதன்று. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டில், இன்றைய திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கிலும், மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் கருதும் எயிற்பட்டினமும் ஒரே அரசின் ஊர்களாக இருந்தன. கோட்டை உள்நாட்டிலும் துறைமுகம் கரையிலுமாக அமைந்த அந்தப் பழைய உறவு, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் இன்றும் தினந்தோறும் பிரயாணம் செய்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக் கடல் சுமார் 40 கிலோமீட்டர். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப்போய், கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் மீன்களுக்கென்று மனிதர் அமைத்துவைத்த செயற்கைப் பாறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும் வாலிபர்களும் நடுவயதினரும் இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பித்தப்பையில் கல் என்பதும் இப்போது இந்த ஊர்களில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய சமாசாரமாகிவிட்டது. இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் சந்திக்கும்போது, பித்தப்பையை எடுத்த பிறகு எப்போது கடலில் இறங்கலாம் என்று எழும் கேள்விதான், மேற்பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினாலும், நம் வைத்திய முறையின் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டிக் கொடுக்கிறது.

பித்தப்பை என்பது கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும் ஒரு சிறு பை; முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர் வரை பித்தநீரைத் தேக்கிவைத்து, கொழுப்புள்ள ஆகாரம் உள்ளே வந்ததும் சுருங்கி அதைக் குடலுக்குள் செலுத்துவது அதன் உத்தியோகம். பித்தநீரை உற்பத்தி செய்வது கல்லீரல். பை வெறும் கிடங்குதான். கிடங்கை எடுத்துவிட்டாலும் உற்பத்தி நிற்பதில்லை என்பதால், பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். சில வாரங்களுக்கு வடையும் பூரியும் வயிற்றைக் கலக்கலாமேயன்றி, வாழ்க்கைக்கு அதனால் ஒரு குறையும் நேர்வதில்லை. 1882-இல் பெர்லின் நகரத்தில் கார்ல் லாங்கன்புக் என்ற வைத்தியர் இந்தப் பையை முதன்முதலாக அறுத்தெடுத்தபோது, அது இல்லாமல் மனிதன் பிழைப்பானா என்று உலகம் சந்தேகித்தது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம், வலது விலா எலும்பின் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி வைத்து, தசைகளை வெட்டி உள்ளே போவதே வழக்கமாயிருந்தது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மியூஹேயும், 1987-இல் பிரான்ஸில் பிலிப் முரேயும் சிறு துவாரங்களின் வழியே குழாய்க் கருவிகளைச் செலுத்தி அதைச் செய்து காட்டினார்கள். 1990-இல் பம்பாயில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் அது பரவியதற்குக் கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு போன்றவர்களின் உழைப்பு பெரிய காரணம். இன்று முண்டியம்பாக்கத்தில் 2010-இல் ஏற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், அருகிலேயே கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்க, பட்டணத்துக்கு ஓடவேண்டிய நிர்ப்பந்தமும் இப்பக்கத்து ஜனங்களுக்கு இல்லை.

இனி கடலுக்கு வருவோம். 'பை இருந்த இடம் காலியாகிவிட்டதே, ஆழத்தில் அந்தக் காலியிடம் நசுங்காதா' என்று சிலர் அஞ்சுகிறார்கள். நசுங்காது; ஏனெனில் அங்கே காலியிடமே இல்லை. குடலும் கல்லீரலும் கொழுப்பும் அந்த இடத்தை அன்றைக்கே நிரப்பிக்கொண்டு விடுகின்றன. ஆழத்தின் அழுத்தம் சுருக்குவதும் விரிப்பதும் காற்றைத்தான். திரவத்தையோ சதையையோ அன்று. 10 மீட்டருக்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு. 1662-இல் ராபர்ட் பாயில் வகுத்த விதியின்படி, அங்கே ஒரு லிட்டராக இருக்கும் காற்று மேலே வரும்போது 2.8 லிட்டராக விரியும். காதிலும் நுரையீரலிலும் இது ஆபத்து; பித்தநீர் இருந்த பையில் அது இருக்கும்போதும் ஆபத்தில்லை, போன பிறகும் இல்லை. சிகிச்சையின்போது வயிற்றை உப்பச் செய்வதற்காகச் செலுத்தப்படும் கரியமில வாயுவும் ரத்தத்தில் கரைந்து சில தினங்களில் வெளியேறிவிடுகிறது. சிகிச்சை முடிந்த மறுநாள் வலது தோளில் ஒரு வலி வந்து நோயாளியைக் குழப்புகிறதே, அந்த மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதனால் வருவது அது.

அப்படியானால் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? வயிற்றுச் சுவருக்காக. குழாய்க் கருவிகள் நுழைந்த துவாரங்கள் வழக்கமாக நான்கு. அவற்றில் தொப்புளருகே இடும் துவாரம் சுமார் பத்து மில்லிமீட்டர் அகலமுள்ளது. கற்கள் நிறைந்த பையைப் பெரும்பாலும் அதன் வழியாகவே இழுத்தெடுப்பதால், தேவைப்பட்டால் இன்னும் சற்று அகலப்படுத்துவார்கள். மேல்தோல் ஒரு வாரத்தில் கூடிவிடும். தையல் பிரித்தவுடன் 'ஆறிவிட்டது' என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் தோலுக்கு அடியில் வயிற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் உறுதியான சவ்வு தன் பலத்தை மீட்டுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கனத்தைத் தூக்கினால், வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் அந்தப் பலவீனமான இடத்தைத் தேடிப் பிடித்துத் தள்ளும்; குடல் அங்கே பிதுங்கிக்கொண்டு வருவதைத்தான் குடலிறக்கம் என்கிறோம். எல்லோருக்கும் வருவதன்று, சிலருக்கே வருவது. ஆனால் வந்தவனுக்கு இன்னொரு சிகிச்சை தேவைப்படும்.

ஸ்கூபாக்காரனின் சுமையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். வழக்கமான அலுமினியக் குப்பி வெறுமையாகவே சுமார் 14 கிலோ; அதற்குள் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் — காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இந்தக் குப்பியைத் தூக்கும்போதுதான் முதுகெலும்பு நம்புகிறது. இடுப்பில் நான்கைந்து கிலோ ஈயக் கட்டிகள். அந்த வாரின் கொக்கி சரியாகத் தொப்புளுக்குக் கீழே வந்து அமரும். நீருக்குள் இவையெல்லாம் மிதப்பில் லேசாகிவிடும். தொந்தரவெல்லாம் நீருக்கு வெளியேதான். சோழமண்டலக் கரையில் அலை ஓயாத இடத்தில், ஆடுகிற படகின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பாரத்தையும் சுமந்தபடி, மேலே ஏறுகிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, வயிற்றுச் சுவருக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. இதை அறிந்தவர்கள், சிகிச்சைக்குப் பின் முதன்முறை வருகிறவனிடம் குப்பியையும் ஈயத்தையும் நீரிலேயே கழற்றிப் படகோட்டியிடம் கொடுத்துவிட்டு வெறும் கையோடு ஏறச் சொல்கிறார்கள். கடலுக்கு முன் நீச்சல் குளம், ஆழத்துக்கு முன் ஆழமற்ற இடம் என்று படிப்படியாகத் திரும்புவதும் அவர்களுடைய ஏற்பாடு.

துவார முறையில் சிக்கலில்லாமல் முடிந்த சிகிச்சைக்கு நாலு முதல் ஆறு வாரம், வயிற்றைத் திறந்து செய்திருந்தால் மூன்று மாதம்வரை, அதன் பிறகும் வைத்தியரின் மறுபரிசோதனை — நடைமுறையில் பெரும்பாலும் சொல்லப்படுவது இவ்வளவுதான். நான் ஆறு வாரக் கட்சி. அதற்கு ஒரு பிரத்தியேகக் காரணமும் உண்டு. இந்தக் குழாய்க் கருவிகளைச் சரிவரக் கிருமிநீக்கம் செய்யாத இடங்களில், காசநோய்க் கிருமியின் தாயாதி என்று சொல்லத்தக்க ஒருவகைக் கிருமி துவாரத்துக்குள் புகுந்துகொண்டு, மேல்தோல் அழகாக ஆறிய பின்னர், மூன்று நான்கு வாரம் கழித்தோ அதற்கும் பிந்தியோ, கட்டியாகக் கிளம்பிச் சீழ் வடியும். நம் நாட்டு அறுவை வைத்தியர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. பதினைந்தாம் நாள் 'எல்லாம் சுகம்' என்று கடலில் குதித்தவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆறாத புண்ணோடு வெதுவெதுப்பான கடல்நீரில் இறங்குவதில் வேறு கிருமிகளின் ஆபத்தும் உண்டு; கல்லீரலில் கோளாறுள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்று பிராணாபாயத்தையே உண்டாக்கவல்லது. பித்தக் குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்கள் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தங்கள் வைத்தியர் சொல்லும் கணக்கையே கேட்கவேண்டும்.

கல்லை வைத்துக்கொண்டு, சிகிச்சையை ஒத்திப்போட்டு, 'இந்தப் பருவம் முடியட்டும்' என்று கடலுக்குப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிகிச்சை செய்துகொண்டவனைவிட வலியுள்ள கல்லோடு இறங்குகிறவனுக்கே ஆபத்து அதிகம். பித்தக் கல் வலி வந்தால் மனிதனைச் சுருட்டிப்போடும். கூடவே வாந்தியும் வரும். 18 மீட்டர் ஆழத்தில், வாயில் கவ்விய மூச்சுக்குழலோடு அது வந்தால், மிரண்டுபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிறவனின் நுரையீரல் கிழிந்துபோகலாம். கரையேறிய பிறகு வந்தாலும் ஒரு சங்கடம்: பித்தக் கல்லின் வலி வலது தோளுக்குப் பரவும், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்பி உண்டாக்கும் நோயும் தோளில்தான் அடிக்கடி வலிக்கும். எது எதுவென்று பிரித்தறிய, இந்தத் துறையில் பயின்ற வைத்தியர்கள் வேண்டும். பம்பாயில் கடற்படையின் அஸ்வினி ஆஸ்பத்திரி போன்ற சில இடங்களில்தான் அந்த சாஸ்திரத்தை முறையாகப் போதிக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சிறு கூட்டத்தாரின் விஷயம். நான் சொல்ல வந்தது இனிமேல்தான். திண்டிவனத்துக் கல்லூரி ஆசிரியரான என் நண்பர் ஒருவர் இந்தச் சிகிச்சை முடிந்து தையல் பிரிக்கப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் இப்படித்தான். இளம் வைத்தியர் துவாரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு சார். எண்ணெய் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார். நண்பர், "டாக்டர், நான் பாண்டிச்சேரியில ஸ்கூபா போறவன், சிலிண்டர் கட்டிக்கிட்டு இறங்கணும், எப்ப போகலாம்?" என்று கேட்டதும், அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிலிண்டர் எவ்வளவு கனம், எத்தனை ஆழம், படகில் எப்படி ஏறுவீர்கள் என்று உண்மையான ஆர்வத்தோடு விசாரித்து, ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லி, தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்து, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே போனார். கதவு திறந்தேயிருந்தது. "என்ன ஐயா, வலி இருக்கா?" "இல்லீங்க." "எண்ணெய் குறைச்சுக்குங்க, வெயிட் தூக்காதீங்க." "சரிங்க." அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "என்ன வேலைங்க அண்ணே?" என்று கேட்டேன். "கமிட்டியில மூட்டை தூக்கறேங்க" என்றார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு இப்பக்கத்துப் பெயர் கமிட்டி. திங்கட்கிழமை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து அதிகம், போகாவிட்டால் ஆள் மாற்றிவிடுவார்கள் என்பதால் திங்கட்கிழமையே போவதாக இருந்தார். "டாக்டர் வெயிட் தூக்கக் கூடாதுன்னாரே?" என்றதற்கு அவர் சிறிதும் பரிகாசமில்லாமல் சொன்ன பதில்: "புதுசா எதுவும் தூக்கப் போறதில்லீங்க, வழக்கமா தூக்கறதுதான்."

நெல் மூட்டை 75 கிலோ. மல்லாட்டை மூட்டை 80 கிலோ. என் நண்பரின் குப்பி, ஈயம் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டாலும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதையும் அவர் மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில நிமிஷங்கள் சுமப்பவர். கமிட்டியில் சுமப்பவரோ ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. மரக்காணத்து உப்பளத்தில் ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவரும் பெண்ணுக்கும், கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகை மணலில் தோள் கொடுத்துத் தள்ளுகிறவனுக்கும், வலை பாறையில் சிக்கினால் குப்பியும் படிவமும் இல்லாமல் மூச்சடக்கி மூழ்கி விடுவித்து வருகிறவனுக்கும் அதே வயிற்றுச் சுவர்தான். அதே ஆறு வாரம்தான். பெண்களிடத்தில் பித்தக் கல் கூடுதலாகக் காணப்படுவதும் வைத்திய சாஸ்திரம் அறிந்தது. 'வெயிட் தூக்காதீங்க' என்ற இரண்டு சொற்களை இவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் ஜீவனத்தின் அளவுகோலால் அளந்துகொள்கிறார்கள்; நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறவனுக்குத் தண்ணீர்க் குடம் கனம், மூட்டைக்காரருக்கு மூட்டை கனமில்லை.

வைத்தியர்களைக் குறை கூறுவது சுலபம். காலையில் நூறு பேருக்குமேல் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவரின் சரித்திரத்தை விசாரிக்க அவகாசம் ஏது என்ற அவர்களுடைய சமாதானத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஸ்கூபாப் பயிற்சி நிலையத்தார் வைத்தியர்கள் அல்லர்; அவர்களும் வியாபாரிகளே; நோயாளி வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திராமல் கேள்வியைக் காகிதத்தில் அச்சடித்து வைத்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். என் நண்பருக்குக் கிடைத்த விசாரணை அவருடைய படிப்பினாலும் பேச்சினாலும் கிடைத்தது. படிவம் இருந்தால் மூட்டைக்காரருக்கும் கிடைத்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில், செய்த சிகிச்சையின் பெயர், ஊசி மருந்தின் பெயர், வெள்ளணுக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. நோயாளி செய்யும் வேலை என்ன, அந்த வேலைக்கு என்று திரும்பலாம் என்ற இரண்டு வரிகளைத் தமிழில் சேர்ப்பதற்கு அரசாங்கம் ஒரு பைசா செலவிட வேண்டியதில்லை. தேதி போட்டு எழுதவேண்டும். 'சில வாரம்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை.

தேதி எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆறு வாரம் அடுப்பு எரியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்ந்திருப்பவர்களுக்கு, நோயுற்ற நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கிறது; ஆறு வாரம் அதில் பாதிகூட ஆகாது. அந்தக் குடையின் கீழ் வராத மூட்டைக்காரரைப் போன்றவர்களுக்காகவே 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, அதன் வழியே நல வாரியமும் ஏற்பட்டது. கல்விக்கும் திருமணத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் உதவுகிற அந்த வாரியம், வயிற்றுச் சுவர் கூடும்வரை ஆறு வாரத்துக்கு ஒரு சிறு படியைக் கொடுப்பதை அதன் நோக்கத்துக்குப் புறம்பானதென்று எவரும் சொல்ல முடியாது. சிகிச்சையை இலவசமாகச் செய்துவிட்டு, அது கெட்டுப்போகாதிருக்க வேண்டிய ஓய்வை நோயாளியின் கைப்பொறுப்பில் விடுவது, குடலிறக்கத்துக்காக அதே மனிதரை அதே மேஜையில் இரண்டாம் முறை படுக்கவைத்து, முதல் செலவைப்போல இன்னொரு செலவை அரசாங்கமே ஏற்கும் நிலையில்தான் கொண்டுபோய் விடுகிறது.

வாரியம் அசையும்வரை செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. அடைப்பும் காய்ச்சலும் இல்லாத பித்தக் கல்லுக்கு நாளைக் குறிப்பதில் வைத்தியருக்குப் பெரும்பாலும் சற்று இடம் உண்டு. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தப் படகுகளில் வேலை செய்கிறவருக்கு ஏப்ரல் மத்தியில் சிகிச்சை முடிந்துவிட்டால், படகு கிளம்பும்போது அவருடைய ஆறு வாரமும் கழிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் மழையில் மூழ்கிக் கிடக்கிறது. அப்போதே கடலும் கலங்கிவிடுவதால் ஸ்கூபாக்காரருக்கும் வேலையில்லை. கமிட்டியில் மல்லாட்டை வரத்து ஓய்கிற மாதம் எது என்று மூட்டைக்காரரிடமே கேட்டால் சொல்லிவிடுவார். அறுவைக்கு நாள் குறிக்கும் மேஜையில் உட்காரும் நர்ஸம்மா, பெயரையும் வயதையும் எழுதிக்கொண்ட கையோடு, "என்ன வேலைங்க? எந்த மாசம் வேலை கம்மியா இருக்கும்?" என்று இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.